பிஷப் வெதராலுக்காக அறுபத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
3 செப்டம்பர் 2023

அன்புள்ள தங்கச்சி தயாளினிக்கு,

அண்ணன் தியாகலிங்கம் எழுதுவது. முத்திரை ஒட்டிய கடிதத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பதறாதே. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். என் மரியாதை மட்டும் கொஞ்சம் சுகமில்லாமல் கிடக்கிறது.

ஜூலையில் இருந்து நீ என் அழைப்பை எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும் பிறகு எடுக்கிறேன் என்று வைத்தாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. ஆகவே தபாற் கந்தோர் எங்கே என்று மருந்துக் கடைக்காரியிடம் விசாரித்தேன். அது அவளுடைய கடைக்குள்ளேயே ஷாம்பூத் தட்டுக்குப் பின்னால் இருக்கிறதாம். இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. ஊரில் எவன் எவளோடு எங்கே போனான் என்று தெரியும், தபாற் கந்தோர் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுப் பக்கத்து வீட்டு அருள்நாயகி அன்ரி ஒரு தட்டு பற்றிஸ் பலகாரத்தோடு வந்தா. அவ சும்மா பற்றிஸ் சுட்டுக்கொண்டு வருகிற ஆள் இல்லை. கடைசியாகக் கொண்டுவந்தது, எங்கள் துஷாந்த் ஒரு சீனப் பிள்ளையோடு பபிள் ரீ குடித்ததைக் கண்ட அன்றைக்கு. பெற்ற தகப்பனாகிய எனக்கு அந்தச் செய்தி மூன்றாவது பற்றிஸோடுதான் கிடைத்தது. ஆகவே நேற்று நான் இரண்டாவதிலேயே கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"உங்கட தங்கச்சி ஞாயிறு தவறாமல் வெள்ளைக்காரற்ற தேவாலயத்தில, முன்வரிசையிலயாம். என்ர தம்பி யோசப்தான் அங்க ஆர் ஆர் வந்தது எண்டு பதியிற வரவுப் புத்தகம் வைச்சிருக்கிறான். சந்தோசமான விஷயம்தானே?" என்றா.

சந்தோசம் என்று சொல்லும்போது அவவின் கண் என் நெற்றித் திருநீற்றில் நின்றது.

தங்கச்சி, நான் யார் என்பதை ஒருக்கால் நினைத்துப் பார். எங்கள் கோயிலின் வாகனத் தரிப்பிட உபகுழுச் செயலாளர். தேருக்கு வரும் நானூறு கார்களை மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு வரிசையாக நிறுத்துகிறவன். அதோடு, கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகையில் 'கேள்விப்பட்டது' என்ற பத்தியை ஒன்பது வருடமாக எழுதுகிறவன். ஊரில் நடப்பதெல்லாம் என் காதுக்கு முதலில் வரவேண்டும். என் சொந்தத் தங்கச்சியின் கதை பக்கத்து வீட்டில் இருந்து வந்தால் என் தொழில் என்னாவது?

எனக்குச் சந்தேகம் இன்று நேற்று வந்ததில்லை. முன்பெல்லாம் நீ தும்மினால் "முருகா" என்பாய். போன வருடம் தொலைபேசியில் தும்மிவிட்டு ஒன்றுமே சொல்லாமல் இருந்தாய். நான் கவனித்தேன். டிசம்பரில் வந்த உன் நத்தார் வாழ்த்து அட்டையில் சிறகு முளைத்த ஒரு சம்மனசு இருந்தது. அதையும் கவனித்தேன்.

மாறிவிட்டாயா? ஓம் என்றால் ஓம் என்று எழுது. கோபிக்கமாட்டேன். கோபிப்பேன், ஆனால் உனக்குத் தெரியாமல் கோபிப்பேன்.

அண்ணன்

---

குரொய்டன், லண்டன்
14 செப்டம்பர் 2023

அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. தொலைபேசியில் நான் வாய் திறக்க முதல் நீங்கள் மூன்று பகிடி விட்டு, நாலாவதற்கு நீங்களே சிரித்து, அண்ணி கூப்பிடுகிறா என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இனி எங்களுக்குக் கடிதமே போதும்.

நான் மதம் மாறவில்லை. தும்மலுக்குக் காரணம் சளி. சம்மனசு அட்டை பத்து அட்டை கொண்ட பெட்டியில் வந்தது.

அனோஜா ஆறாம் ஆண்டு முடித்து அடுத்த செப்டம்பர் பெரிய பள்ளிக்கூடம் போகவேண்டும். இங்கே பிஷப் வெதரால் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதில் பாதி இடம் தேவாலயத்துக்குப் போகிற குடும்பங்களுக்கு. இரண்டு வருடமாக மாதத்தில் குறைந்தது இரண்டு ஞாயிறு போயிருக்கவேண்டும், நாற்பத்தெட்டு ஞாயிறு. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் விக்கர், அதாவது தேவாலயத்துப் போதகர், கையெழுத்து வைக்கவேண்டும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று படிவம் கேட்கவில்லை, எத்தனை நாள் வந்தாய் என்றுதான் கேட்கிறது. இந்த மாதத்தோடு எனக்கு இரண்டு வருடம். அனோஜாவின் அப்பாவுக்கு ஞாயிறு வேலை, ஆகவே நானும் பிள்ளையும்தான்.

பள்ளிக்கூடத்தின் கையேட்டை இதோடு வைத்திருக்கிறேன், வாசித்துப் பாருங்கள். 1868ஆம் ஆண்டு ஒரு சலவைச்சாலைக்கு மேல்மாடியில் பன்னிரண்டு அநாதைப் பெண்பிள்ளைகளோடு தொடங்கினது. யுத்தத்தில் குண்டு விழுந்து மண்டபம் போய், திரும்பக் கட்டினது. இப்போது பதினொரு ஆய்வுகூடம், மூடிய நீச்சல் தடாகம், முந்நூறு பேர் இருக்கும் நாடக அரங்கு, இரண்டு மாடி நூலகம், சொந்தத் தேவாலயம், அதில் குழாய் ஓர்கன். இவ்வளவு வசதி இந்தப் பக்கத்தில் வேறு எங்கும் இல்லை. அதுதான் காரணம்.

உங்கள் மனச்சமாதானத்துக்கு மீதியையும் சொல்கிறேன். நற்கருணை எடுப்பதில்லை. கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு போனால் விக்கர் ஹெலன் அம்மா தலையில் கைவைத்து ஆசீர்வாதம் மட்டும் தருவா. பாட்டுப் புத்தகத்தில் பக்கம் அடையாளம் வைப்பது திருநீற்றுப் பொட்டலத்தால். பிரசங்கம் நீண்டால் கண்ணாடி யன்னல்களை எண்ணுவேன், பதினாலு. போதுமா?

யோசப் அண்ணை பின்கதவடியில் வரவுப் புத்தகத்தோடு நிற்பார். அவரும் முன்பு தன் மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம் தேடி வந்து அங்கேயே நின்றுவிட்டவர்தான். இப்போது எங்களைப் பார்க்கிற பார்வை, விமான நிலையத்தில் பாஸ்போட் பார்க்கிறவன் பார்க்கிற மாதிரி.

இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம். அருள்நாயகி அன்ரிக்குச் சொல்லவேண்டாம். 'கேள்விப்பட்டது' பத்திக்குச் சொல்லவே வேண்டாம். படிவம் ஒக்ரோபர் முப்பத்தொன்றுக்கு முதல் போகவேண்டும்.

தயாளினி

---

அஜின்கோர்ட்
27 செப்டம்பர் 2023

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை அண்ணனைப் போல, இரண்டாம் தடவை பொலிஸ்காரனைப் போல. மூன்றாம் தடவை உன் அண்ணி என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "பாவம், பிள்ளைக்காகத்தானே" என்று போய்விட்டா. அவ யாரையும் நம்புகிறவ. அதனால்தான் என்னைக் கட்டினா.

கையேட்டைச் சிவப்புப் பேனையோடு படித்தேன். முதற்பக்கத்தில் பிஷப் வெதராலின் படம். யார் வீட்டிலும் ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்கப்படாதவரின் முகம். பதினொரு ஆய்வுகூடம் என்கிறாய். நாங்கள் படித்த இடத்தில் இருந்தது ஒன்று, அதில் ஒரு எலும்புக்கூடு, அதற்கும் ஒரு கை இல்லை. அப்படியிருந்தும் நான் என்ன கெட்டுப்போய்விட்டேன்? சரி, அந்த உதாரணம் வேண்டாம்.

எனக்குப் பிடிபடாதது ஒன்று. நீச்சல் தடாகத்துக்கும் ஓர்கனுக்கும் ஒருத்தி இரண்டு வருடம் ஞாயிற்று நித்திரையைக் கொடுப்பாளா? அதுவும் நீ? ரியூசனுக்கே எழுப்பினால் அழுகிற நீ? கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். ஆய்வுகூடத்துக்கு அடியில் இல்லை, அரங்குக்கு அடியில் இல்லை. "மதிய இடைவேளையில் தனியே இருக்க விரும்பும் பிள்ளைகளுக்கான அமைதி அறை" என்பதற்கு அடியில். இதென்ன வசதி? தனியே இருக்க ஒரு அறையா? எங்கள் வீட்டில் நான் உள்ளே வந்தால் எல்லா அறையும் அமைதி அறைதான். நீ எதையோ மறைக்கிறாய்.

ஆகவே நானே உளவு பார்க்கப் போனேன். உன்னைப் போன்ற ஒரு நல்ல சைவப் பிள்ளையை அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று அறிய, போன ஞாயிறு ஷெப்பர்ட் வீதிப் பக்கம் உள்ள ஒரு அங்கிலிக்கன் தேவாலயத்துக்குள் நுழைந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். ஒரு ஜமேக்கா அம்மா நேரே வந்து, "புதுசா, ராசா?" என்ற கருத்தில் ஏதோ கேட்டு, ஒட்டுத்தாளையும் பேனையையும் நீட்டி என் பெயர் கேட்டா. பயத்தில் வாயில் வந்தது என்னோடு மிசிசாகாவில் வேலை செய்யும் அமிர்தநாதரின் பெயர். அதை எழுதி என் நெஞ்சில் ஒட்டி, மேலே ஒரு தட்டும் தட்டிவிட்டா.

பூசை முடியக் கோப்பியும் வாழைப்பழக் கேக்கும் தந்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்ட நன்றிக்குக் கதிரைகள் மடித்து அடுக்கிக் கொடுத்தேன். என் உளவு முடிவு: கேக் அபாயமானது. மதம் மாறுகிறவர்கள் இந்த வழியாகத்தான் மாறுகிறார்கள்.

வெளியே வந்தால் எதிரே மீன்கடை வாசலில், பையோடு, அருள்நாயகி அன்ரி. என் நெஞ்சைப் பார்த்தா. நெஞ்சில் அமிர்தநாதர்.

திங்கட்கிழமைக்குள் நான் ஞானஸ்நானம் எடுத்துப் பெயரும் மாற்றிவிட்டதாகக் கதை ஸ்காபரோவைத் தாண்டி றிச்மண்ட் ஹில் வரை போய்விட்டது. அமிர்தநாதர் வேலையிடத்தில் என்னைத் தனியே கூப்பிட்டு, தன் பெயரை ஏன் எடுத்தேன் என்று விசாரித்தார். கோயில் தலைவர் ஒரு "சின்னக் கதை" இருக்கிறது, வரச் சொன்னார். பயத்தோடு இருக்கிறேன்.

உன் விஷயத்தைப் பத்தியில் ஒரு எழுத்தும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அண்ணன் வாக்கு. ஆனால் அந்த அறையைப் பற்றி நீ பதில் எழுதவேண்டும்.

அண்ணன்

---

குரொய்டன்
11 ஒக்ரோபர் 2023
கூரியர் மூலம்

திரு. தியாகலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் குரலைக் கேட்க விருப்பமில்லாதபடியால் கூரியருக்குக் கொடுக்கிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிய யோசப் அண்ணை விக்கர் அம்மாவிடம் ஒரு உறை கொடுத்தார். உள்ளே உங்கள் 'கேள்விப்பட்டது', செப்டம்பர் 29. அவருடைய அக்கா அருள்நாயகி அன்ரி படம் எடுத்து அனுப்பினதாம். கீழே யோசப் அண்ணை தன் கையால் எழுதின ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு நல்லாயிருக்கிறது. உங்கள் பகிடி ஒன்றும் தவறவில்லை.

நீங்கள் மறந்திருப்பீர்கள் என்றபடியால் திரும்ப எழுதுகிறேன். "மான்செஸ்டரில் ஒரு பத்தினி. வாயில் கர்த்தர், பாட்டுப் புத்தகத்துக்குள் திருநீறு. பிரசங்கத்தின்போது அவ எண்ணுவது தன் பாவங்களை அல்ல, யன்னல்களை. ஒரு ஞாயிறு, ஒரு புள்ளி. மோட்சத்துக்கு எத்தனை புள்ளி என்று அவ கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை என்றுதான் கேட்டா."

குரொய்டனை மான்செஸ்டர் ஆக்கிவிட்டால் என்னைத் தெரியாதா? திருநீறு வைக்கிற ஆள் அந்தத் தேவாலயத்தில் நான் ஒருத்திதான். வாக்குத் தந்த கடிதத்தில் 27ஆம் திகதி இருக்கிறது. பத்தியில் 29. இரண்டு நாள்கூட உங்களால் பொறுக்க முடியவில்லை.

விக்கர் அம்மா கையெழுத்து வைக்கவில்லை. வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன், பத்தொன்பதாம் திகதி, வந்து கதைக்கச் சொல்லியிருக்கிறா. யோசப் அண்ணை வரவுப் புத்தகத்தோடு வருவார்.

அந்த அறையைப் பற்றிக் கேட்டீர்கள். பதில் எழுதுகிறேன், அதையும் அச்சடியுங்கள்.

மூன்றாம் ஆண்டில் இருந்து அனோஜாவின் வகுப்பில் இரண்டு பெட்டைகள். முதலில் இவளுடைய சாப்பாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்தினார்கள். பிறகு இவள் பக்கத்தில் ஒருவரையும் இருக்க விடவில்லை. பிறகு ஒருநாள் மலசலகூடத்தில் வைத்து வெளியால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மதிய இடைவேளை முழுக்க. ஆசிரியை மன்னிப்புக் கேட்கச் சொன்னா, கேட்டார்கள். அடுத்த கிழமை திரும்பவும். அதற்குப் பிறகு பிள்ளை பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். குடித்தால் போகவேண்டி வரும் என்று. சிறுநீரில் கிருமி வந்து வைத்தியசாலையில் வைத்துத்தான் எனக்கே தெரியும்.

எங்கள் தெருவுக்கு உரிய பெரிய பள்ளிக்கூடத்துக்குத்தான் அந்த இருவரும் போகப்போகிறார்கள். பிஷப் வெதராலுக்குப் போகவில்லை. எனக்குப் பதினொரு ஆய்வுகூடமும் வேண்டாம், ஓர்கனும் வேண்டாம். பதினேழாம் பக்கத்து அறை வேண்டும்.

இதை உங்களுக்கு ஏன் முதலே சொல்லவில்லை என்று இப்போது விளங்குகிறதா?

தயாளினி

---

அஜின்கோர்ட்
14 ஒக்ரோபர் 2023
கூரியர் மூலம்

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை நாலு தடவை தொடங்கினேன். முதலாவதில் பத்திரிகை ஆசிரியரில் பழி போட்டிருந்தேன். இரண்டாவதில் அருள்நாயகி அன்ரியில். மூன்றாவதில் யோசப்பை, அவன் தகப்பனை, அவர்கள் பிறந்த தீவை எல்லாம் இழுத்திருந்தேன். அது நன்றாக வந்திருந்தது. ஆகவே கிழித்தேன்.

உண்மை இதுதான். உனக்கு வாக்கு எழுதிய அன்று பத்தி ஏற்கெனவே பத்திரிகைக்குப் போய்விட்டது. ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்தியிருக்கலாம். எழுந்து தொலைபேசியைக் கையிலும் எடுத்தேன். பிறகு அதை ஒருக்கால் வாசித்துப் பார்த்தேன். அந்த யன்னல் வசனம் வாசிக்க எனக்கே சிரிப்பு வந்தது. தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பிள்ளை தண்ணீர் குடிக்கவில்லை என்ற இடத்தில் உன் அண்ணி கடிதத்தை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டா. இரவுச் சாப்பாட்டின்போது என்னோடு கதைக்கவில்லை. அமைதி அறை என்று நான் எழுதிய பகிடி எனக்கு நினைவு வந்தது. 

விக்கர் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இதோடு வருகிறது. நான் எழுதி, துஷாந்த் திருத்தினான். திருத்தினான் என்றால், நான் எழுதியதில் முக்கால்வாசியை வெட்டினான். "அப்பா, இதுல ஏன் ஜோக் இருக்கு? நீங்கள் sorry சொல்லுறியளா, show காட்டுறியளா?" என்று கேட்டான். மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: எழுதியது நான், சொல்லவேண்டாம் என்று நீ கேட்டாய், நான் கேட்கவில்லை, திருநீறும் யன்னலும் உண்மை, நக்கல் முழுக்க என்னுடையது. நான் ஒரு தேவாலயத்துக்குப் பொய்ப் பெயரில் போய்க் கேக் சாப்பிட்டதையும் எழுதினேன். குற்றவாளி யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவேண்டும் அல்லவா? கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உன் விருப்பம்.

கோயில் தலைவர் மேலங்கியைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். நான் மதம் மாறவில்லை என்று விளக்க வாய் எடுத்தேன். அவர், "தம்பி, நீர் மாறினதில எங்களுக்குக் கவலையில்லை. நீர் நாளைக்கு எங்களை எழுதுவீர். அதுதான் பயம்" என்றார். ஒன்பது வருடமாக எல்லாரும் என் பகிடிக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிப்பேர் அடுத்தது தாங்களோ என்ற பயத்தில் சிரித்திருக்கிறார்கள்.

யோசப்பின் புத்தகத்தை நம்பாதே. உன்னிடம் வேறு அத்தாட்சி ஏதும் இருக்கிறதா என்று பார். இது பகிடி இல்லை.

அண்ணன்

---

குரொய்டன்
23 ஒக்ரோபர் 2023

அண்ணா,

வியாழக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். எழுதவேண்டிய கடமை இல்லை. ஆனால் வேறு யாரோ சொல்லி நீங்கள் கேள்விப்படுவதிலும் பார்க்க நானே எழுதுவது நல்லது.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, மேசை, நாலு கதிரை. யோசப் அண்ணை கோட் போட்டு வந்திருந்தார். வரவுப் புத்தகத்தைத் திறந்து, தமிழிலும் இல்லாமல் ஆங்கிலத்திலும் இல்லாமல் வாய்க்குள் எண்ணிவிட்டு, நாற்பத்தொன்று என்றார். ஏழு ஞாயிறு குறைவு.  மழை நாட்களில் பிந்திப் போனால் அவர் புத்தகத்தை மூடிவிடுவார், ஆராதனை முடியப் பதிகிறேன் என்பார். பதியவில்லை. வேண்டுமென்று விட்டாரா, மறந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதற்கு, "நான் எழுதினதுதான் இருக்கு, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வாசித்த அன்றே நான் அலுமாரியைத் திறந்துவிட்டேன். அகதி விண்ணப்பம் போட்டு ஆறு வருடம் பதிலுக்கு இருந்தவள் நான். பஸ் ரிக்கற்றையே எறியமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் பாட்டு இலக்கமும் திகதியும் அச்சடித்த தாள் ஒன்று தருவார்கள். அவ்வளவையும் திகதி வரிசையில் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பிரசங்க நேரத்தில் அனோஜா பென்சிலால் கீறின படங்கள். மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினேன். இடம் போதாமல் நிலத்திலும் அடுக்கினேன். அறுபத்து மூன்று.

விக்கர் அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே போனா. ஒரு தாளைத் திருப்பினா. அதில் அவவையே கீறியிருந்தாள், மூக்கு நீளமாய். சிரிப்பாவோ என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பிறகு உங்கள் பத்தியைக் கையில் எடுத்து, இதில் எவ்வளவு உண்மை என்று என்னிடம் கேட்டா. திருநீறு உண்மை, யன்னல் உண்மை, பள்ளிக்கூடத்துக்காக வந்ததும் உண்மை என்றேன். எதற்காக அந்தப் பள்ளிக்கூடம் என்றும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துத்தான் போனேன்.

விக்கர் அம்மா பத்தியை மடித்து மேசையில் வைத்தா. பிறகு அவ யோசப் அண்ணையின் பக்கம் திரும்பி, "உங்கட மூத்த மகனுக்கு நான்தான் கையெழுத்து வைச்சனான், நினைவிருக்கா யோசப்? அப்ப நான் காரணம் கேட்கேல்லை" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னா. அவர் கோட்டின் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார். புத்தகத்தை மூடினார்.

படிவத்தில் அறுபத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தா. அன்றைக்கே கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் துண்டு வாங்கிவிட்டேன். முடிவு மார்ச் முதலாம் திகதி. கையெழுத்து இருந்தால் இடம் கிடைக்கும் என்று இல்லை, கேட்கிறவர்கள் கனபேர்.

உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். கொடுக்காமல் விடத்தான் இருந்தேன், ஆனால் துஷாந்த் திருத்தினது தெரிந்தது. அதில் ஒரு பகிடியும் இல்லை. விக்கர் அம்மா வாசித்துவிட்டு மடித்துத் தன் பைக்குள் வைத்தா. 

இனி எனக்கு எழுதவேண்டாம். முடிவு வந்தால் நான் எழுதுவேன்.

தயாளினி

---

குரொய்டன்
14 மார்ச் 2024

அண்ணா,

அனோஜாவுக்கு பிஷப் வெதராலில் இடம் கிடைத்துவிட்டது. மார்ச் முதலாம் திகதி காலையே மின்னஞ்சல் வந்தது. நான் மூன்று தடவை வாசித்த பிறகுதான் அவளுக்குக் காட்டினேன். உங்களுக்கு இரண்டு கிழமை பிந்தி எழுதுகிறேன். வேண்டுமென்றுதான் பிந்தினேன்.

நீங்கள் இந்த ஐந்து மாதமும் எழுதவில்லை. பத்தியில் எங்களைப் பற்றி ஒன்றும் வரவில்லை என்று அண்ணி சொன்னா. அமிர்தநாதர் என்ற ஒட்டுத்தாளோடு நின்ற உங்களையே நீங்கள் முட்டாளாக்கி எழுதினதை அனோஜாவின் அப்பா வாசித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீங்கள் திருந்தினீர்களா, அல்லது வேறு ஆள் கிடைக்காமல் உங்களையே எழுதினீர்களா என்று எனக்குச் சந்தேகம்.

இடம் கிடைத்த பிறகு, போன ஞாயிறு, நானும் பிள்ளையும் தேவாலயத்துக்குப் போனோமா இல்லையா என்று கேட்பீர்கள். அன்றைக்கு ஒன்று நடந்தது. யோசப் அண்ணையும் அதில் இருக்கிறார். அனோஜா ஒன்று செய்தாள். நான் இவ்வளவு நாளும் பிள்ளையைப் பற்றி நினைத்திருந்ததெல்லாம் மாறிவிட்டது. அனோஜாவின் அப்பாவிடம் மட்டும் சொன்னேன், அண்ணியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது நல்ல கதை. நீங்கள் கேட்டால் வீணாகிவிடும். ஒரு விஷயத்தைக் கேட்டு உங்களுக்குள்ளேயே வைத்திருப்பீர்கள் என்று எனக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது தொலைபேசி எடுக்கிறேன். எப்போது தோன்றும் என்று எனக்குத் தெரியாது.

தயாளினி

---

அஜின்கோர்ட்
30 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சி,

இடம் கிடைத்ததற்கு மிக்க சந்தோசம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் நான் ஏதாவது சேர்த்துவிடுவேன், நிறுத்துகிறேன்.

நீ கேட்ட சந்தேகத்துக்குப் பதில்: வேறு ஆள் கிடைத்தது. மூன்று பேர் கிடைத்தார்கள், அதில் ஒருவர் கோயில் தலைவரின் மருமகன். எழுதவில்லை. திருந்தினேன் என்று சொல்லமாட்டேன். குடியை விட்டவன் சாராயக் கடையைச் சுற்றிப் போவதுபோல, இப்போது அந்தப் பத்தியில் சமையற் குறிப்பு எழுதுகிறேன். உன் அண்ணி சொல்ல நான் எழுதுவது. போன கிழமை உப்பை இரண்டு தடவை எழுதிவிட்டேன், நாலுபேர் அழைத்துத் திட்டினார்கள். மனதுக்கு நிம்மதியாய் இருந்தது.

நேற்று நடந்ததைச் சொல்லவேண்டும்.

கார் கழுவிக்கொண்டு நின்றேன். அருள்நாயகி அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் வந்தா. கையில் ஒன்றும் இல்லை, முகத்தில் எல்லாம் இருந்தது. "யோசப் எல்லாம் சொன்னவன். அண்டைக்கு உங்கட மருமேள் அனோஜா தேவாலயத்தில எழும்பி..." என்று தொடங்கினா.

தங்கச்சி, அந்த "எழும்பி" வரை கேட்டுவிட்டேன். அது என் பிழை இல்லை, கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது, காதைப் பொத்த முடியவில்லை. எழும்பி என்ன செய்தாள்? பாடினாளா? பேசினாளா? யோசப்பின் புத்தகத்தைப் பறித்தாளா? ஒரு வினாடி, என் உடம்பு முழுக்க ஒரு காதாகிவிட்டது. இன்னும் அரை நிமிடம் சும்மா நின்றால் போதும், நான் ஒன்றும் கேட்கவில்லை, அவவாகச் சொன்னது என்று சத்தியமும் பண்ணலாம்.

"அன்ரி, நிப்பாட்டுங்கோ. எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

அவ என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "என்ன தம்பி, சீனி கூடிப்போச்சோ?" என்று கேட்டா. இல்லை, சுகமாய்த்தான் இருக்கிறேன், தங்கச்சி தானே சொல்லும்வரை பொறுக்கப்போகிறேன் என்றேன். எட்டு மாதத்துக்கு முன் நான் யாரையாவது இப்படி ஒரு வசனம் சொல்லக் கேட்டிருந்தால், இவன் எதையோ மறைக்கிறான் என்று அன்றைக்கே எழுதியிருப்பேன். அவவும் அப்படித்தான் நினைத்திருப்பா. கோபித்துக்கொண்டு என்னைச் சுற்றி முன்கதவால் உள்ளே போய், குசினிக்குள் உன் அண்ணியிடம் முழுவதையும் சொல்லிவிட்டா. நான் வெளியே நின்று, கழுவின காரைத் திரும்பவும் கழுவினேன்.

இப்போது உன் அண்ணிக்குத் தெரியும். துஷாந்துக்கும் தெரியும், அவ அவனுக்குச் சொன்னதைக் கதவிடுக்கால் கண்டேன். கண்டேன், கேட்கவில்லை. இன்னும் இரண்டு நாளில் ஷெப்பர்ட் வீதி முழுக்கத் தெரிந்துவிடும். இந்த ஊரில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் உன் அண்ணி இரண்டு தடவை கண்ணைத் துடைத்தா. சிரித்துத் துடைத்தாவா, அழுது துடைத்தாவா என்று நிமிர்ந்து பார்த்தால் அதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும்.

குனிந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன்.

அண்ணன்